ஒரு கழிச்சலுக்கு நான்கு பெயர்கள்

மழைக்காலத்தில் பிறந்த ஆட்டுக்குட்டிக்குக் கழிச்சல் கண்டுவிட்டால், கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் அது தெரியும். புளித்த மோரை வெயிலில் மறந்து வைத்ததுபோல ஒரு வாடை, ஆட்டுப் புழுக்கையின் காய்ந்த வாடைக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாதது, ஈரச் சாக்கில் ஏறி, வைக்கோலில் ஏறி, குட்டியைத் தூக்கியவர் சட்டையிலும் ஏறி, வெறும் தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் விரலிடுக்கில் தங்கிவிடும். பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத குட்டி பின்னங்கால்களை அகட்டி வைத்துக்கொண்டு, வாலில் மஞ்சளாக ஒட்டிக் காய்ந்திருப்பதைத் தூக்கவும் முடியாமல், தாயின் மடியைத் தேடவும் தெம்பில்லாமல், சுவரைப் பார்த்தபடி நிற்கும். எங்கள் வீட்டில் அந்த வாடை அடித்த ஒரு ஐப்பசியையும் அதற்கு அடுத்து வந்த பொங்கலையும் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன். அந்தக் கொஞ்ச நாளில் எங்கள் குடும்பத்தில் நடந்ததை நாங்கள் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொண்டோம். புரிந்துகொண்டதற்கு எல்லோரிடமும் நல்ல காரணமும் இருந்தது.

விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மழையை நம்பிய நிலத்தை எங்கள் பக்கம் "கொல்லை" என்போம். எங்களுக்கிருந்த சின்னக் கொல்லையில் மக்காச்சோளமும், ஒரு ஓரமாக அம்மாவுக்காகக் கொஞ்சம் துவரையும் விதைத்திருப்போம். அது போக நாலைந்து வெள்ளாடுகள். வீடு என்று பார்த்தால் ஓடு போட்ட ஒற்றை அறை, அதை ஒட்டி அடுப்படி, பின்பக்கம் கீற்று வேய்ந்த ஆட்டுக் கொட்டாய், அவ்வளவுதான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். படித்தவர் ஒருவர் வாய்விட்டு ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை அப்படியே செய்து முடிப்பதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. "டாக்டர் சொல்லிட்டாரு", "சார் சொல்லிட்டாரு" என்று ஆரம்பித்தால் அதற்கு மேல் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எனக்குப் பிறகு நெடுநாள் கழித்துப் பிறந்த தங்கைக்குப் பத்து மாதம். பூங்கொடி என்று பெயர் வைத்திருந்தாலும் வீட்டில் பாப்பாதான். தவழ ஆரம்பித்த புதிது. தரையில் எது கிடந்தாலும் அது நேராக அவள் வாய்க்குப் போகும்.

அந்த ஐப்பசியில் செவலை ஆடு இரட்டைக் குட்டி போட்டது. கொட்டாயில் ஏற்கெனவே வேறு இரண்டு குட்டிகள் இருந்தன. மழை விடாமல் பெய்து கொட்டாய்த் தரை சேறாகிப்போயிருந்தது. ஒரு வாரத்தில் செவலையின் குட்டிகள் இரண்டுக்கும் கழிச்சல் கண்டது. அப்பா இரண்டையும் சாக்குப்பையில் தலை மட்டும் வெளியே தெரியும்படி கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்து, என்னையும் பிடித்துக்கொள்ளச் சொல்லி "மாட்டாஸ்பத்திரி"க்குக் கூட்டிப்போனார். டாக்டர் நல்ல மனிதர், பொறுமையாகவே பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார், கண்ணிமையைப் பிதுக்கிப் பார்த்தார், தொடையில் ஊசி போட்டார்.

"இதுக்குன்னு நேரா மருந்து கம்மிப்பா. தண்ணி வத்தாமப் பாத்துக்க, அதான் பெரிய வைத்தியம். உப்பு, சக்கரை கலந்து கொஞ்சங் கொஞ்சமாப் புகட்டு. கதகதப்பா வச்சுக்க. முக்கியமா நோவு வந்தத தனியா வை. மத்த குட்டியோட சேத்த, எல்லாத்துக்கும் ஒட்டிக்கும்."

"தனியா வச்சுடறேன் சார்," என்றார் அப்பா. திரும்பி வரும் வழியெல்லாம் அதையே தனக்குள் சொல்லிக்கொண்டு வந்தார்.

டாக்டர் சொன்னதில் ஒரு பிழையும் கிடையாது. அப்பா அதைக் கேட்டு நடந்ததிலும் எனக்கு இன்றுவரை பிழை சொல்லத் தெரியவில்லை. எங்களிடம் கொட்டாய் இருந்தது ஒன்று. அதில் நல்ல குட்டிகள் இருந்தன. அதைவிட்டால் கூரை இருந்தது வீட்டுக்கு மட்டும்தான். அதிலும் கதகதப்பான இடம் என்றால் அடுப்புக்குப் பக்கத்து மூலை. "தனியா" என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் இருந்த ஒரே இடம் அதுதான். அப்பா சாக்கை மடித்துப் போட்டு, மேலே வைக்கோல் பரப்பி, குட்டிகளை அங்கே விட்டு, கோழி மூடுகிற பெரிய கூடையைக் கவிழ்த்து வைத்தார். எதிர்வீட்டுப் பாவாயி அக்கா எட்டிப் பார்த்து, "என்னண்ணே, ஆட்ட வூட்டுக்குள்ள குடி வச்சுட்டீங்க, ரேஷன் கார்டுல பேரு சேத்துடுங்க" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "டாக்டர் தனியா வைக்கச் சொல்லிட்டாரு" என்றார்.

குட்டிகள் கூடைக்குள் கிடந்தால்தானே. கொஞ்சம் தெம்பு வந்ததும் முட்டி வெளியே வந்துவிடும். பாப்பாவுக்கு அவை பொம்மையைவிட மேலாகிவிட்டன. தவழ்ந்து போய்க் காதைப் பிடித்து இழுப்பாள், மூக்கோடு மூக்கு வைப்பாள், குட்டி படுத்து எழுந்த ஈரச் சாக்கின் மேல் குப்புற விழுந்து சிரிப்பாள். அம்மா துணியை வெந்நீரில் நனைத்துக் குட்டியின் பின்பக்கத்தைத் துடைத்துவிட்டு, கையைத் தண்ணீரில் அலசி, முந்தானையில் துடைத்துக்கொண்டு பாப்பாவைத் தூக்குவாள். குழந்தைக்குப் பால் புகட்டுகிற மூக்கு நீண்ட சின்னக் கிண்ணத்தைப் "பாலாடை" என்போம். உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் குட்டியின் வாயில் சிந்தாமல் விட அதைவிடத் தோதான பாத்திரம் வீட்டில் வேறில்லை. அப்பா குட்டிக்குப் புகட்டுவார், அலசி ஆணியில் மாட்டுவார். அம்மா அதை எடுத்துப் பாப்பாவுக்குக் கஞ்சித் தண்ணீர் புகட்டுவாள். யாரும் எதையும் மறைத்துச் செய்யவில்லை. வீடு முழுக்க ஒரு பொறுப்பான சுறுசுறுப்புதான் இருந்தது, இரண்டு வாயில்லா ஜீவன்களைக் காப்பாற்றுகிறோம் என்று.

ஒன்று பிழைத்துக்கொண்டது. இன்னொன்றை அப்பா கொல்லையில் புதைத்துவிட்டு வந்தார். அதற்குள் பாப்பாவுக்கு வயிற்றால் போக ஆரம்பித்துவிட்டது.

இப்போது நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருப்பது அந்த நாட்களில் நாங்கள் பேசிய பேச்சுதான். குட்டிக்கு வந்தது "கழிச்சல்". பாப்பாவுக்கு வந்தது "பால் சேரல". அதே வாரத்தில் எனக்கும் வயிறு கலங்கிப் பள்ளிக்கூடத்தில் பாதியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பெயர் "கண்டதத் தின்னான்", பள்ளி வாசலில் விற்ற சேமியா ஐஸ்தான் குற்றவாளி. அப்பாவும் இரண்டு மூன்று நாள் சொம்பைத் தூக்கிக்கொண்டு கருவேலங்காட்டுப் பக்கம் போய்வந்தார். அவருக்கு வந்தது "சூடு", விளக்கெண்ணெயைத் தொப்புளில் தடவிக்கொண்டார். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே வாரத்தில், குட்டிகளுக்கும் எங்கள் மூவருக்கும் வயிறு போயிற்று. அதற்கு நான்கு பெயர் இருந்ததால் எல்லாம் ஒன்றுதான் என்று யாருக்கும் தோன்றவில்லை. மனிதருக்கு வருவதை ஆட்டுக்கு வருவதற்குச் சொல்லும் வார்த்தையால் சொல்வதுகூட எங்கள் ஊரில் ஒரு வசவு மாதிரி.

நானும் அப்பாவும் எழுந்துவிட்டோம். பாப்பா எழவில்லை. கன்னம் வற்றி, உச்சிக்குழி உள்வாங்கி, அழுதால் கண்ணீர் வராமல் வெறும் குரல் மட்டும் வந்தது. ஊருக்கு வருகிற நர்ஸம்மா பார்த்துவிட்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே குளுக்கோஸ் ஏற்றி, கொஞ்சம் தேறியதும் பொட்டலம் பொட்டலமாக உப்புச் சர்க்கரைத் தூள் கொடுத்து அனுப்பினார்கள். நர்ஸம்மா வீட்டுக்கே வந்து, "தாய்ப்பால மட்டும் நிறுத்திடாதீங்க, அதான் புள்ளைக்குத் தெம்பு" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்த பாப்பாவுக்கு மறுபடியும் போக ஆரம்பித்தது. அடுப்படி மூலையில் பிழைத்த குட்டி இன்னும் கழிந்துகொண்டுதான் இருந்தது.

அப்போதுதான் வேப்பந்தட்டையிலிருந்து பெரியத்தை வந்து இறங்கினார். அப்பாவுக்கு மூத்தவர், அப்பாவைத் தூக்கி வளர்த்தவர். இரண்டு பையன்கள், இருவரும் என்னைவிடப் பெரியவர்கள். பெண் குழந்தை இல்லையே என்ற குறையைப் பாப்பா பிறந்த அன்றே எங்கள் வீட்டில் வந்து சத்தமாகச் சொன்னவர். கடுமையான மனுஷி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அந்த வீட்டுக்கு அவர்தான் பொறுப்பு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகத்தைச் சுளித்தார்.

"என்னடா தம்பி இது, வூடா பட்டியா? எனக்கு இந்த ஆட்டு வாடையே ஆவாது."

பிறகு பாப்பாவை மடியில் போட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு அம்மாவிடம் திரும்பினார்.

"ஏ தனம், நீ என்னத்த தின்ன? அதச் சொல்லு முதல்ல."

"ஒண்ணுந் திங்கல அண்ணி. ரசமும் சோறுந்தான்."

"புள்ளைக்கு இப்படிப் போவுதுன்னா நீ என்னமோ தின்னுருக்க."

பாவாயி அக்காவுக்கு இந்த மாதிரி நேரங்களில் ஞாபகசக்தி அதிகம். வாசற்படியில் உட்கார்ந்தபடியே, "அன்னைக்குக் கொல்லையில கதிரு சுட்டுத் தின்னமே தனம், நீயுந்தான தின்ன" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு விடை தெரிந்த பிள்ளை கை தூக்குவதுபோலத்தான் சொன்னார். சோளம் பால் பிடித்திருந்த சமயம். களை எடுத்துவிட்டுப் பசிக்கு ஒரு கதிரைச் சுட்டு அம்மா தின்றது உண்மைதான்.

"பாத்தியா," என்றார் பெரியத்தை. "பச்சப்புள்ளக்காரி கதிரத் தின்னுட்டு வந்து பாலக் குடுத்தா அது புள்ளைக்கு எப்படிச் செரிக்கும்?"

அம்மா, நர்ஸம்மா சொன்னதை மெதுவாகச் சொன்னாள். பெரியத்தை கேட்டார், "அந்தம்மாவுக்கு எத்தன புள்ள?"

"இன்னும் கண்ணாலம் ஆவல அண்ணி."

"அப்பறம் என்ன."

அப்பா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார். படித்தவர் சொன்னது ஒரு பக்கம், தன்னைத் தூக்கி வளர்த்தவர் சொன்னது ஒரு பக்கம். ஆட்டுக்கு வைத்தியம் என்றால் டாக்டர். பிள்ளைக்கு வைத்தியம் என்றால் அக்கா. அவருக்கு அதில் குழப்பமே வரவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் வீட்டில் மல்லிகைப்பூ மணத்தது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைக்குக்கூடப் பூ வாங்குவது அபூர்வம். அப்பா ஜெயங்கொண்டம் போய் ஒரு பொட்டலம் உதிரிப்பூ வாங்கி வந்திருந்தார். அம்மா தலையில் பூ இல்லை. எங்கிருந்து மணக்கிறது என்று நான் முகர்ந்துகொண்டே போய் அம்மா பக்கத்தில் நின்றேன். அவள் ரவிக்கைக்குள்ளிருந்து மணத்தது. பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. "ஏம்மா பூவ உள்ள வச்சிருக்க?" என்று கேட்டேன். பெரியத்தைதான், "போடா, போயி வெளாடு" என்றார். பாப்பா அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டி அழுதபோது பெரியத்தை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனைவரை போய்விட்டு வந்தார். அம்மா எழுந்திருக்காமல் சுவரில் சாய்ந்திருந்தாள். அன்று முழுக்க வீட்டில் புளித்த கழிச்சல் வாடையும் மல்லிகை மணமும் கலந்து கிடந்தது. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் எனக்கு மல்லிகை மணம் அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

இரண்டு நாள் கழித்துப் பெரியத்தை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். "தேறினதும் கொண்டாந்து வுட்டுடறேன். இங்க இருந்தா இவ மனசு கேக்காது, குடுத்துடுவா" என்று அப்பாவிடம்தான் சொன்னார். அம்மா துணிப்பையில் பாப்பாவின் சட்டைகளை மடித்து வைத்துக் கொடுத்தாள்.

வேப்பந்தட்டையில் பெரியத்தை வீடு கடைத்தெருவில். மாமாவுக்குத் தையல் கடை. ஆடு, மாடு எதுவும் கிடையாது. பக்கத்து வீட்டு ஆடு வாசலில் நின்றாலே பெரியத்தை தண்ணீரை ஊற்றி விரட்டுவார். அங்கே போன பாப்பாவுக்கு மெதுவாக நின்றது. காய்ச்சி ஆற்றிய பசும்பாலும் கஞ்சியும் குடித்து, கார்த்திகை முடிவதற்குள் கன்னம் வைத்துவிட்டாள் என்று பக்கத்துக் கடை போனிலிருந்து சேதி வந்தது. அப்பா சந்தோஷத்தில் தெருவெல்லாம் சொன்னார். எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: பாலை நிறுத்தினதும் நின்றுபோச்சு பார்த்தீர்களா. அம்மாவும் அதை நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். கண்ணெதிரே நடந்ததை எப்படி நம்பாமல் இருப்பது? பாப்பா அம்மாவின் பாலைவிட்டுப் போனாள், தேறினாள். அவள் அதோடு சேர்த்து அடுப்படி மூலையையும்விட்டுப் போயிருந்தாள் என்பதை எண்ணிப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

சொன்னபடியே பொங்கலுக்குப் பெரியத்தை பாப்பாவைக் கூட்டிவந்தார். பாப்பா எட்டு வைத்து நடந்து வந்தாள். அம்மாவைப் பார்த்து முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பெரியத்தையின் புடவையைப் பிடித்துக்கொண்டாள், சாயங்காலத்துக்குள் ஒட்டிக்கொண்டாள். மார்கழிப் பனிக்கு அஞ்சி அப்பா மறுபடியும் இளங்குட்டிகளை வீட்டுக்குள் வைத்திருந்தார், கருப்பி என்ற ஆடு போட்ட குட்டிகள், அவற்றுக்கும் லேசாகக் கழிச்சல். மாட்டுப் பொங்கலன்று குட்டிகளைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்தோம். பாப்பா ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதன் காதை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். அம்மா சிரித்த சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்த வாரமே பாப்பாவுக்கு மறுபடி போயிற்று. முந்தைய அளவுக்கு இல்லை, ஆனால் போயிற்று.

"மறைவா பால் குடுத்தியா?" என்றார் பெரியத்தை.

"வத்திப்போச்சு அண்ணி," என்றாள் அம்மா. "இருந்தாத்தான குடுக்க."

பெரியத்தை அதற்குமேல் அவளைத் திட்டவில்லை. குரலைத் தணித்து, ஏறக்குறைய இரக்கத்தோடு, "ஒன் கைராசியா, இந்த வூட்டுத் தண்ணியா, எனக்குத் தெரியல தனம். இந்தப் புள்ளைக்கு இங்க ஆவல. கொஞ்ச நாள் எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். அம்மா தலையை ஆட்டினாள். இரண்டாவது தடவை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோது யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம், அம்மாதான் முதல் ஆளாக.

கொஞ்ச நாள் என்பது பால்வாடி ஆயிற்று, பால்வாடி ஒன்றாம் வகுப்பாயிற்று. வேப்பந்தட்டையில் பாப்பா பெரியத்தையை "அம்மா" என்று கூப்பிட்டாள். அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வேறொன்று. பெரியத்தையின் பையன்கள் எங்கள் அம்மாவை முறைப்படி "அத்தை" என்றும் அப்பாவை "மாமா" என்றும் கூப்பிடுவார்கள். அவர்களோடு வளர்ந்த பாப்பாவும் அதைப் பிடித்துக்கொண்டாள். லீவுக்கு வரும்போது வாசலிலிருந்தே "அத்தை" என்று கூப்பிட்டுக்கொண்டு வருவாள். முதல் முறை கேட்டபோது எல்லோரும் சிரித்துவிட்டோம். பாவாயி அக்கா, "அத்தைங்குற, அப்ப இவன் ஒனக்கு அண்ணன் இல்ல, மாமன் மவன்டி" என்று என்னைக் காட்டிச் சீண்டினார். பெரியத்தை திருத்தவும் பார்த்தார், "அது ஒன்னப் பெத்த அம்மாடி" என்று. குழந்தை ஒரு நாள் "அம்மா" என்பாள், மறுநாள் பழையபடி "அத்தை". கடைசியில் அம்மாதான், "வுடுங்க அண்ணி, வாயில வர்றபடி கூப்புடட்டும்" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். விலங்கியல் எடுத்தேன், ஆட்டோடு வளர்ந்தவனுக்கு அது சுலபமாக இருக்கும் என்று எனக்கு ஒரு கணக்கு. இரண்டாம் வருடத்தில் ஒட்டுண்ணிகளைப் பற்றி ஒரு செய்முறை வகுப்பு. மேடம் ஒரு கண்ணாடித் தகடை மைக்ரோஸ்கோப்பில் வைத்துவிட்டு, ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னார். நீலப் பின்னணியில் சின்னச் சின்ன சிவப்புப் புள்ளிகள், யாரோ குங்குமத்தைத் தட்டிவிட்டதுபோல. "கிரிப்டோஸ்போரிடியம்" என்று பலகையில் எழுதினார். எழுதிவிட்டு, "உங்கள்ல யார் வீட்டுல ஆடு இருக்கு?" என்று கேட்டார். பாதி வகுப்பு கை தூக்கியது.

"குட்டி கழிஞ்சா எங்க வைப்பீங்க?"

பின்வரிசையில் ஒருவன், "வூட்டுக்குள்ளதான் மேடம், எங்க அப்பா கட்டில்ல" என்றான். வகுப்பே சிரித்தது. மேடமும் சிரித்துவிட்டு, பிறந்து ஒரு மாதத்துக்குள் இருக்கும் குட்டிகளுக்கும் கன்றுகளுக்கும் வருகிற கழிச்சலில் இது கோடிக்கணக்கில் வெளியே வரும், அதைத் தொட்ட கை வாய்க்குப் போனால் மனிதருக்கும் இதே கழிச்சல்தான், பெரியவர்கள் ஒரு வாரம் இரண்டு வாரத்தில் எழுந்துவிடுவார்கள், கைக்குழந்தை இருக்கிற வீட்டில்தான் ஆபத்து என்று சொல்லிக்கொண்டே போனார். ப்ளீச்சிங் பவுடருக்குக்கூட எளிதில் சாகாது, கொதிக்கிற தண்ணீருக்குத்தான் சாகும். சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினால் கையைவிட்டுப் போகும். கழிகிற குட்டியை மற்ற குட்டிகளிடமிருந்து பிரிப்பதைப்போலவே வீட்டுக் குழந்தைகளிடமிருந்தும் பிரிக்க வேண்டும். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். "கழிச்சல்", "பால் சேரல", "கண்டதத் தின்னான்", "சூடு" என்று நான்கும் எனக்குள் வரிசையாக வந்து நின்றன.

உறுதியாக அதுதான் என்று என்னால் சொல்ல முடியாது. அந்தக் குட்டியினுடையதையும் பாப்பாவினுடையதையும் அன்றைக்கு யாரும் தகட்டில் வைத்துப் பார்க்கவில்லை. மழைக்காலத்தில் பிள்ளைகளுக்கு வயிறு போவதற்கு ஆயிரம் வழி உண்டு. ஆனால் குட்டிகள் கழிந்த வாரத்தில் வீடே கழிந்ததையும், குட்டி இல்லாத வீட்டில் பாப்பா தேறியதையும், குட்டி இருந்த வீட்டுக்குத் திரும்பி வந்ததும் மறுபடி விழுந்ததையும் வைத்துப் பார்த்தால், ஒரு கதிரைவிட இது பொருத்தமான காரணம் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போனபோது அம்மா வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் பட்டுக் கை வெந்துவிடாமலிருக்கச் சாம்பல் தடவியிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், பரீட்சைக்கு ஒப்பிப்பதுபோல ஒன்றுவிடாமல். அவள் உடைப்பதை நிறுத்தவில்லை. முடித்த பிறகு கேட்டாள்.

"அப்ப பால்ல ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணும் இல்லம்மா."

"கதிரு தின்னதுல?"

"அதுலயும் இல்ல. பாலக் குடுத்துட்டே இருந்திருந்தா இன்னுஞ் சீக்கிரமாத் தேறியிருக்கும்."

கடைசியாகச் சொன்னதும் புத்தகத்தில் இருப்பதுதான். அதைச் சொல்லும்போது நான் அம்மாவை ஒரு பழியிலிருந்து விடுவிக்கிறேன் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த கொட்டையைத் தட்டில் போட்டுவிட்டுத் தெருவைப் பார்த்தாள். பழி என்றால் அது மற்றவர்களுடையது, தாங்கிக்கொண்டு இருந்துவிடலாம். நல்ல பாலைத் தானே வற்றவிட்டோம் என்பது வேறு கணக்கு என்று அவள் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

"அப்பாகிட்ட சொல்லாதடா," என்றாள். "குட்டிய உள்ள கொண்டாந்து வச்சது அவுருதான. தாங்க மாட்டாரு. அண்ணிகிட்டயும் சொல்லாத. எம்புள்ளைய வளத்தவங்க."

"ஒம்மேல பழி இருக்கேம்மா."

"இருந்துட்டுப் போவுது. இப்ப யாரு அதப் பேசுறா?"

உண்மைதான், யாரும் பேசுவதில்லை. பாப்பா இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். பெரியத்தைக்கு மூட்டுவலி, அவர் குளிக்கக்கூடப் பாப்பாதான் தண்ணீர் எடுத்துவைக்கிறாள். நான் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆடு வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகளிடம் சோப்பைப் பற்றி அளவுக்கு அதிகமாகப் பேசுவதாக எனக்கு ஒரு பெயர் உண்டு. சென்ற மாதம் லீவில் இரண்டு நாள் வந்து இருந்துவிட்டுப் போன பாப்பாவை நான்தான் பைக்கில் கொண்டுபோய் அரியலூர் பஸ் நிற்கிற இடத்தில் விட்டேன். சிமெண்ட் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போக, துப்பட்டாவால் மூக்கை மூடியபடி நின்றவள் திடீரென்று கேட்டாள்.

"அண்ணே, என்னைய ஏன் சின்னதுலயே அங்க கொண்டுபோயி வுட்டாங்க?"

"ஒனக்கு ஒடம்புக்கு முடியாம இருந்துச்சு பாப்பா."

"அது தெரியும். அத்தை பால் எனக்குச் சேரலன்னு அம்மா சொன்னாங்க."

அவள் அதை எந்த வருத்தமும் இல்லாமல், தனக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அப்பாவிடமும் பெரியத்தையிடமும் சொல்லாதே என்றுதான் அம்மா சொல்லியிருந்தாள்.

"பால்ல ஒண்ணும் இல்ல பாப்பா," என்றேன்.

"அப்பறம்?"

"ஆட்டுக்குட்டி."

அவள் துப்பட்டாவை இறக்கிவிட்டுச் சிரித்தாள். "போண்ணே. ஆட்டுக்குட்டிய நான் தொட்டதே கிடையாது."

பஸ் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கையை ஆட்டினாள். அடுத்த முறை வரும்போது உட்காரவைத்து முழுவதும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பாவுக்கு முடியாமல் போனதும் ஆடுகளை விற்றுவிட்டோம். அடுப்படியை இடித்து டைல்ஸ் போட்டாயிற்று. கொட்டாய் இருந்த இடத்தில் என் பைக்கை நிறுத்தினேன். இதுதான், இங்கேதான் என்று அவளுக்குச் சுட்டிக்காட்ட இப்போது எங்கள் வீட்டில் ஒரு ஆடும் இல்லை.